வீணைக்கு ஒரு ஜோடி கண்டென்சர் மைக்

வீட்டிலேயே வீணை, வயலின், மிருதங்கம் என்று ரெக்கார்டிங் ஆரம்பிக்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி, கண்டென்சர் மைக்கை மேட்ச்டு பேராக, அதாவது ஒரே மாதிரி ஒலி வாங்கும்படி கம்பெனியே தேர்ந்து சேர்த்த ஜோடியாக வாங்க வேண்டுமா, ஒரே மாடலில் தனித்தனியாக இரண்டு வாங்கினால் ஆகாதா என்பதுதான். ஸ்டீரியோவுக்கென்றே வாங்குகிறீர்கள் என்றால் ஜோடியாகவே வாங்குங்கள். ஆனால் எந்த அதிர்வெண்ணை மைக் எவ்வளவு வாங்குகிறது என்று காட்டும், பெட்டிக்குள் வரும் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கிறது, போதும் என்று விட்டுவிடாதீர்கள். அந்த வரைபடம் பெரும்பாலும் மைக்குக்கு நேர் எதிரே ஸ்பீக்கரை வைத்து எடுத்தது. நாமோ ஸ்டீரியோவில் பெரும்பாலும் இரண்டு மைக்கில் எதையும் வாத்தியத்துக்கு நேராகத் திருப்பி வைப்பதில்லை. இந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில், ஜோடி ஏன் ஒத்துப்போக வேண்டும்? இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி ஒரே அளவில் ஒரே நேரத்தில் வந்தால் நம் காது அதை நடுவில் வைத்துக்கொள்கிறது. ஒரு பக்கம் கொஞ்சம் சத்தம் கூடினாலோ, கொஞ்சம் முந்தி வந்தாலோ ஒலி அந்தப் பக்கம் நகர்கிறது. ஏறக்குறைய 15 டெசிபல் வித்தியாசம் வந்துவிட்டால் முழுவதுமாக ஒரு ஸ்பீக்கருக்கே போய்விடும். நேர வித்தியாசம் என்றால் ஒரு மில்லிசெகண்டே கிட்டத்தட்ட அந்த வேலையைச் செய்துவிடும். இங்கிலாந்தில் ஈஎம்ஐ நிறுவனத்தில் இருந்த ஆலன் ப்ளம்லைன் 1931 டிசம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோதே இதன் அடிப்படையை எழுதிவிட்டார். 8 என்ற எண்ணின் வடிவத்தில் முன்னும் பின்னும் ஒலி வாங்கும் இரண்டு மைக்குகளை ஒரே இடத்தில் 90 டிகிரிக்குத் திருப்பி வைக்கும் முறைக்கு இன்றும் அவர் பெயர்தான்.

சரி, இரண்டு மைக்கில் ஒன்று மற்றதைவிட 1 டெசிபல் கூடுதலாக வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இது ஒரு பிரச்சினையே கிடையாது. கெயினை, அதாவது மைக் சிக்னலைப் பெருக்கும் திருகைக் கொஞ்சம் திருப்பினால் முடிந்தது, மிக்ஸில் ஃபேடரை நகர்த்தினாலும் முடிந்தது. ஜோடி விற்கும் கம்பெனிகள் பெருமையாகப் போடும் எண் பெரும்பாலும் இந்த சென்சிட்டிவிட்டி எண்தான், ஆனால் நம் கையாலேயே எளிதாகச் சரிசெய்யக்கூடியதும் அதுதான். சரிசெய்ய முடியாதது, சில அதிர்வெண்களில் மட்டும் இரண்டும் வேறுபடுவது.

வீணையையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கம்பியான சாரணியில் ஒரு ஸ்வரத்தை மீட்டும்போது இரண்டு ஒலிகள் சேர்ந்து வருகின்றன. நகம் கம்பியில் படும் அந்தக் கூர்மையான 'டிக்' மேல் அதிர்வெண்களில் இருக்கிறது, குடத்திலிருந்து எழும் நாதம் கீழே இருக்கிறது. இடது மைக் 5 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் 2 டெசிபல் கூடுதலாக வாங்கினால் நாதம் நடுவில் நிற்கும், நகத்தின் ஒலி மட்டும் இடதுபக்கம் சாயும். ஒரே ஸ்வரம் இரண்டு இடத்திலிருந்து வருகிற மாதிரி இருக்கும். ஸ்பீக்கரில் கேட்டால் பலருக்குத் தெரியாது, ஹெட்போனில் கேட்டால் என்னவென்று சொல்லத் தெரியாமலே ஒரு அசௌகரியம் இருந்துகொண்டிருக்கும். மிருதங்கத்தில் இது இன்னும் மோசம், ஏனென்றால் வலந்தலையின் சாப்பும் தொப்பியின் கும்கியும் அதிர்வெண்ணில் அவ்வளவு தள்ளி இருக்கின்றன. வாசிப்பவர் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்க, ஒவ்வொரு சொல்லுக்கும் வாத்தியம் இடம் மாறும்.

இப்போது அந்த வரைபடத்துக்கு வருவோம். பிரெஞ்சு வானொலிக்காரர்கள் 1960 வாக்கில் உருவாக்கிய ஓஆர்டிஎஃப் முறை எனக்கு மிகவும் பிடித்தது, வீணைக்கு நான் முதலில் வைத்துப் பார்ப்பதும் அதுதான். முன்னால் வரும் ஒலியை அதிகமாகவும் பின்னால் வருவதைக் குறைவாகவும் வாங்கும் இரண்டு கார்டியாய்டு மைக்குகள், ஒலி வாங்கும் தலைப்பகுதியான கேப்ஸ்யூலுக்கும் கேப்ஸ்யூலுக்கும் நடுவே 17 சென்டிமீட்டர், இரண்டுக்கும் இடையே 110 டிகிரி கோணம். அப்படியென்றால் நடுவில் உட்கார்ந்திருக்கும் வீணை ஒவ்வொரு மைக்கின் அச்சிலிருந்தும் 55 டிகிரி தள்ளி இருக்கிறது. இரண்டு மைக்கையும் ஒரே இடத்தில் வைக்கும் எக்ஸ்-ஒய் முறையில் 90 டிகிரி வைத்தாலும் 45 டிகிரி தள்ளித்தான் இருக்கும். ஆக, கச்சேரியில் முக்கியமானவர் யாரோ, அவரை இரண்டு மைக்கும் பக்கவாட்டில்தான் கேட்கின்றன. அச்சுக்கு நேராக இருப்பது அறையின் இரண்டு மூலைகள்.

புத்தகக் கணக்குப்படி ஒரு கார்டியாய்டு 55 டிகிரியில் எல்லா அதிர்வெண்களையும் சுமார் 2 டெசிபல் குறைத்து வாங்க வேண்டும். நடைமுறையில் அப்படி இருக்காது. மேல் அதிர்வெண்கள் கூடுதலாகக் குறையும், சில மைக்குகளில் நடுவில் எங்கோ ஒரு மேடு எழும். கார்டியாய்டு என்ற வடிவமே, ஒலி பட்டு அதிரும் மெல்லிய சவ்வான டயாபிரத்தின் முன்னாலும் பின்னாலும் வரும் ஒலிகளைக் கணக்காகக் கலப்பதால் கிடைப்பது. பின்பக்க ஒலி கேப்ஸ்யூலின் உள்ளே இருக்கும் நுண்ணிய துளைகள் வழியாகத் தாமதித்து வர வேண்டும். அந்தத் துளைகளில், டயாபிரத்தின் இழுவையில் சின்ன மாற்றம் இருந்தாலும் நேர் எதிரே வரும் ஒலியில் அவ்வளவாகத் தெரியாது, பக்கவாட்டிலும் பின்னாலும் தெரிந்துவிடும். அதனால்தான் 0 டிகிரி வரைபடம் அச்சாக ஒத்துப்போகும் ஒரு ஜோடி, 55 டிகிரியில் கருத்து வேறுபடலாம்.

இதிலிருந்தே சின்ன டயாபிரமா பெரிய டயாபிரமா என்ற கேள்விக்கும் எனக்குப் பதில் கிடைத்துவிடுகிறது. 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 சென்டிமீட்டர். பெரிய டயாபிரம் என்று நாம் சொல்வது ஒரு அங்குலம், அதாவது 2.5 சென்டிமீட்டர். அலைநீளமும் டயாபிரமும் கிட்டத்தட்ட ஒரே அளவு ஆகும்போது, பக்கத்திலிருந்து வரும் அலை டயாபிரத்தின் ஒரு ஓரத்தைத் தள்ளும் நேரத்தில் மறு ஓரத்தை இழுக்கும், ஒலியின் நிறம் மாறும். அரை அங்குல டயாபிரத்தில் இந்தச் சிக்கல் இன்னும் உயர்ந்த அதிர்வெண்களுக்குத் தள்ளிப்போகிறது. பாடகரை நேராக முன்னால் நிறுத்தி எடுக்க ஒரு பெரிய டயாபிரம் மைக் அருமையாக இருக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஏகேஜி சி414 மாதிரி நல்ல பெரிய மைக்குகளையும் ஜோடியாக விற்கிறார்கள், அவற்றில் அற்புதமான ரெக்கார்டிங்குகள் வந்திருக்கின்றன. ஆனால் முதல் ஸ்டீரியோ ஜோடி, அதுவும் நடுத்தரப் பட்ஜெட்டில் என்றால், சின்ன டயாபிரம் கார்டியாய்டு. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இதற்குக் கொடுக்கும் விலை இரைச்சல். சின்ன டயாபிரம் குறைவான சிக்னலையே தருகிறது, அதனால் மைக்கின் சொந்த இரைச்சல் மேலே தெரியும். ரோட் கம்பெனியின் பெரிய டயாபிரம் மைக்கான என்டி1இன் சொந்த இரைச்சல் 4 டெசிபல்தான், அதே கம்பெனியின் சின்ன டயாபிரம் என்டி5இல் அது 16, விலை குறைந்த எம்5இல் 19. மிருதங்கத்துக்கோ தவிலுக்கோ இதைப் பற்றிக் கவலையே வேண்டாம். வீணைக்குக் கவலைப்பட வேண்டும். ஒரே மீட்டில் கம்பியை இழுத்து கமகத்தை நீட்டிக்கொண்டே போகும்போது கடைசி இரண்டு மூன்று அசைவுகள் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாத அளவில்தான் ஒலிக்கின்றன, வீணையின் உயிரே அங்கேதான் இருக்கிறது, அங்கே போய் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு படலம் விழுந்தால் மனசு கேட்காது. அதிலும் இரண்டு மைக்கின் இரைச்சலுக்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாததால் அது ஸ்டீரியோவில் அகலமாகப் பரவிக் கேட்கும். அதனால் வீணைக்கு 16 டெசிபலோ அதற்குக் கீழோ உள்ள ஜோடியைத்தான் பார்ப்பேன். சீலிங் ஃபேனும் ஏசியும் ஓடும் அறையில் இந்தக் கணக்கெல்லாம் வீண் என்று சிலர் சொல்வார்கள். ஃபேன் ஒலி பெரும்பாலும் கீழ் அதிர்வெண்களில், மைக்கின் இரைச்சல் மேலே, இரண்டும் தனித்தனியாகவே காதில் விழும். ஃபேனை எப்படியும் நிறுத்தத்தான் போகிறீர்கள்.

மைக் வந்தவுடன், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், ஒரு சோதனை கண்டிப்பாகச் செய்யுங்கள். செலவே கிடையாது. இரண்டு மைக்கையும் ஒன்றின்மேல் ஒன்றாக, கேப்ஸ்யூல்கள் கிட்டத்தட்ட தொடும்படி, ஒரே திசையைப் பார்க்கும்படி வையுங்கள். பக்கத்தில் பக்கமாக வைக்காதீர்கள், காரணம் பின்னால் வருகிறது. ஒரு மீட்டர் தள்ளி அதே உயரத்தில் ஒரே ஒரு ஸ்பீக்கர். அதில் எல்லா அதிர்வெண்களும் கலந்த இரைச்சலான பிங்க் நாய்ஸை ஓடவிடுங்கள். ஜன்னல் திரை, மெத்தை, ஜமுக்காளம் என்று கிடைத்ததை எல்லாம் சுற்றிப் போட்டு எதிரொலியைக் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டு டிராக்கையும் நடுவில் பேன் செய்து, ஒன்றின் போலாரிட்டியை மாற்றுங்கள், அதாவது அதன் அலையைத் தலைகீழாக்குங்கள். இரண்டும் ஒன்றையொன்று தின்று ஒலி சட்டென்று அடங்கும். இப்போது ஒரு மைக்கின் கெயினை மெதுவாக, துளித்துளியாக மாற்றிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் ஒலி மிகக் குறைவாகப் போய் நிற்கும். அதுதான் இரண்டு மைக்கின் அளவும் சமமாகும் இடம்.

அப்புறம் மிச்சம் இருப்பதைக் கவனித்துக் கேளுங்கள். அளவில் மட்டும் 1 டெசிபல் வித்தியாசம் இருந்தால்கூட ஒலி 19 டெசிபலுக்கு மேல் அடங்காது; அரை டெசிபல் என்றால் 25, 0.1 டெசிபல் என்றால் 39 வரை போகும். மிச்சம் வெறும் 'ஸ்ஸ்' என்று மேல் அதிர்வெண்களில் மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம், கேப்ஸ்யூல்கள் ஒரே புள்ளியில் இருக்க முடியாததால் வருவது அது. ஆனால் 300இலிருந்து 2000 ஹெர்ட்ஸ் வரை, அதாவது குரலின் உடம்பு இருக்கும் இடத்தில் ஒரு 'ஊம்' மிச்சம் நின்றால் அது மைக்கில் இருக்கலாம், மைக் சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்பிலும் இருக்கலாம். கேபிள்களை, மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இன்டர்ஃபேஸில் இடம் மாற்றிச் சொருகி மறுபடி பாருங்கள். கோளாறு சேனலோடு தங்கினால் ப்ரீஆம்ப், மைக்கோடு நகர்ந்தால் மைக். சாதாரண இன்டர்ஃபேஸ்களில் கெயின் திருகுகள் ஒரே எண்ணைக் காட்டினாலும் உள்ளே இரண்டு மூன்று டெசிபல் வேறுபடுவது சகஜம், மைக்கைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பார்த்தே ஆக வேண்டும்.

நேர் எதிரில் சோதித்தது இவ்வளவுதான், முக்கியமான பாதி இனிமேல்தான். மைக்குகளை அதே அடுக்கில் வைத்தபடியே ஸ்டாண்டை மட்டும் 55 டிகிரி திருப்புங்கள். மேலும் கீழுமாக அடுக்கியிருப்பதால் எவ்வளவு திருப்பினாலும் இரண்டுக்கும் ஸ்பீக்கர் ஒரே தூரத்தில்தான் இருக்கும். பக்கத்தில் பக்கமாக வைத்திருந்தால் திருப்பியவுடன் ஒன்று முன்னால் வந்து சோதனையே கெட்டுவிடும். கெயினைத் தொடாமல் மறுபடி கேளுங்கள். நேரில் 25, 30 டெசிபல் அடங்கிய ஜோடி இங்கேயும் ஏறத்தாழ அதே அளவு அடங்கினால் அது நல்ல ஜோடி, கண்ணை மூடிக்கொண்டு வைத்துக்கொள்ளலாம். நேரில் அடங்கி 55இல் கத்தினால் வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் திருப்பி அனுப்பச் சொல்வேன். 90 டிகிரியிலும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 180இல் பார்த்துவிட்டு மனம் தளர வேண்டாம், பின்பக்கம் எந்தக் கார்டியாய்டும் மிகக் குறைவாகவே வாங்குவதால் அங்கே சின்ன வித்தியாசமும் பெரிதாகத் தெரியும்.

தனித்தனியாக இரண்டு வாங்கலாமா என்றால், அது யார் தயாரித்தது என்பதைப் பொறுத்தது. ஷோப்ஸ், நியூமன் மாதிரி கம்பெனிகளின் தயாரிப்பு அவ்வளவு இறுக்கமாக இருக்கிறது, அதே மாடலில் எந்த இரண்டை எடுத்தாலும் ஸ்டீரியோவுக்கு ஆகும். விலையும் அதற்குத்தான். கீழே வர வர இது நடக்காது. ரஷ்யாவின் தூலா நகரில் தயாராகும் ஒக்டாவா எம்கே-012 நல்ல ஒலி தரும் மைக், ஆனால் ஒன்றுக்கொன்று வேறுபடும் என்ற பெயரும் அதற்கு உண்டு, அதை ஜோடியாகத் தேர்ந்தெடுத்துத் தருபவர்களிடம்தான் வாங்க வேண்டும். அடுத்தடுத்த சீரியல் நம்பர் என்று சொல்லி விற்பார்கள், அதற்கு நான் ஒரு பைசா கூடக் கூடுதலாகத் தர மாட்டேன். வரிசையாக அச்சடித்த எண் கேப்ஸ்யூலைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அதுவும் பழைய மைக் என்றால், 1966இல் வந்த நியூமன் கேஎம் 84 மாதிரி அரை நூற்றாண்டு தாண்டியவை என்றால், ஒன்று குளிர்சாதன ஸ்டூடியோவிலும் மற்றது ஏதோ ஒரு ஹாலிலும் காலம் கழித்திருக்கும். அங்கே நம்பர் அடுத்தடுத்து இருந்து என்ன பயன்?

கடற்கரை ஊரில் இருப்பவர்களுக்கு ஒன்று. கண்டென்சர் மைக்கின் உள்ளே மின்தடை மிக மிக அதிகம், அதனால் கேப்ஸ்யூலில் மெல்லிய ஈரப்படலம் படிந்தாலே மின்னூட்டம் கசிந்து பொரிகிற மாதிரி 'பட் பட்' என்று சத்தம் வரும். ஐப்பசி கார்த்திகை மழையில் சென்னையில் இது நடக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் பாதிக்கப்படுவதில்லை, ஒன்று முந்திக்கொள்ளும், ஜோடி அங்கேயே கலைந்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு இரண்டையும் சேர்த்தே வையுங்கள், ஒன்றை மட்டும் எடுத்து வேறு வேலைக்குக் கொடுக்காதீர்கள். ஏசி அறையிலிருந்து புழுக்கமான மண்டபத்துக்குக் கொண்டுபோனால் பெட்டியைத் திறக்காமல் அந்தச் சூட்டுக்குப் பழகவிட்டு அப்புறம் எடுங்கள். அடிக்கடி திறந்தவெளியில் எடுப்பவர்கள், கையில் வசதி இருந்தால், சென்ஹைசரின் எம்கேஎச் வரிசையைப் பார்க்கலாம். அவை ரேடியோ அதிர்வெண் முறையில் வேலை செய்வதால் உள்ளே அந்த அளவு உயர்ந்த மின்தடை தேவைப்படுவதில்லை, ஈரத்தைத் தாங்குகின்றன.

இப்போது நானே முதல் ஜோடி வாங்குவதாக இருந்தால்? வீணை, வயலின், சின்னக் குழுப் பாட்டு என்று எடுக்க ரோட் என்டி5 ஜோடியில் ஆரம்பிப்பேன். எளிதாகக் கிடைக்கிறது, இரைச்சல் என் எல்லைக்குள் இருக்கிறது. எஸ்இ எலெக்ட்ரானிக்ஸின் எஸ்இ8 ஜோடியில் இரைச்சல் 13 டெசிபல், வீணையை மட்டும் மனதில் வைத்தால் அதற்கு ஒரு படி முன்னுரிமை. எம்5 மிருதங்கத்துக்கு நல்லது, வீணைக்கு அதை வாங்க மாட்டேன். நியூமன் கேஎம் 184 அருமையான மைக், அதே 13 டெசிபல், ஆனால் மேல் அதிர்வெண்களில் அதற்கு ஒரு சின்ன ஏற்றம் இருக்கிறது. அது வயலினுக்கும் நகத்தின் 'டிக்' ஒலிக்கும் பளபளப்பைக் கூட்டும், சில வீணைகளில் அது எனக்குக் கூடுதலாகப்படுகிறது. மைக்கைக் குடத்துக்கு நேராக வைக்காமல் தண்டியின் பக்கம் கொஞ்சம் நகர்த்தினால் அது தணியும். பணம் தடையில்லை என்றால் ஷோப்ஸின் எம்கே 4 கேப்ஸ்யூல்கள், பக்கவாட்டில் வரும் ஒலியையும் நிறம் மாறாமல் வாங்குவதற்காகவே.

இவற்றில் எதை வாங்கினாலும் இரண்டு மைக்கையும் ஒரே ஸ்டாண்டில் பிடித்துவைக்கும் ஒரு நல்ல ஸ்டீரியோ பாரும் சேர்த்து வாங்கிவிடுங்கள். 17 சென்டிமீட்டரும் 110 டிகிரியும் ஒவ்வொரு தடவையும் அளந்து வைக்க அது இல்லாமல் முடியாது. வீணைக்கு ஒரு மீட்டர் தூரத்தில், வாசிப்பவரின் முகத்தின் உயரத்திலிருந்து கொஞ்சம் கீழ்நோக்கி வைத்துத் தொடங்குங்கள், தரையில் ஜமுக்காளம் போட மறக்காதீர்கள்.